காடு ஊர் கைக்கு வந்தால் ஊராருக்கு என்ன கிடைக்கும்?

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா-லேகா என்று ஒரு சின்ன ஊர். ஏறத்தாழ நூறு குடும்பங்கள், எல்லோரும் கோண்டு பழங்குடியினர். சுற்றிலும் மூங்கில் காடு. 2009ல், சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது இந்த ஊருக்குச் சமூக வன வள உரிமை, அதாவது காட்டை ஊரே காத்து நிர்வகிக்கும் உரிமை, வழங்கப்பட்டது. நாட்டிலேயே அந்த உரிமையை முதன்முதலில் பெற்ற ஊர்களில் இதுவும் ஒன்று.

உரிமைப் பத்திரம் கிராம சபையின் கையில், மூங்கில் காட்டில். ஆனால் வெட்டிய மூங்கிலை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வனத்துறையின் டிரான்சிட் பாஸ் வேண்டும். அதைத் தர முடியாது என்றது துறை. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படி மூங்கில் மரக் கணக்கில் வரும், மரத்தை ஊர் விற்க முடியாது என்பது அவர்கள் வாதம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன மகசூல், அதாவது வெட்டுமரம் அல்லாத காட்டு விளைபொருள், என்று எழுதியிருக்கிறதே என்பது ஊரின் பதில். இழுபறி தொடர்ந்தது. கடைசியில் 2011 ஏப்ரல் 27 அன்று, அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அந்த ஊருக்கே வந்து, முதல்வர் பிருத்விராஜ் சவாண் முன்னிலையில், பாஸ் புத்தகத்தையே கிராம சபையிடம் கொடுத்தார். இனி அவர்கள் மூங்கிலுக்கு அவர்களே பாஸ் எழுதிக்கொள்ளலாம்.

"காட்டை மக்களே பராமரித்து, மக்களே பலன் பெறும் திட்டம்" என்று யாராவது சொன்னால், பலன் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி இந்தக் கதையில் இருக்கிறது. அந்தக் காட்டில் ஊருக்கு என்ன உரிமை? அது எந்தக் காகிதத்தில், யார் கையெழுத்தில் இருக்கிறது? நாளைக்கு அதிகாரி மாறினால் அந்த உரிமையும் போய்விடுமா?

நில உரிமை என்றதும் நம் நினைவுக்கு வருவது பட்டா. பட்டா இருந்தால் என் நிலம், இல்லாவிட்டால் இல்லை. காட்டில் கணக்கு அவ்வளவு எளிதல்ல. பொதுவளங்களைப் பற்றி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்து 2009ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், எடெல்லா ஷ்லேகர் என்பவருடன் சேர்ந்து 1992ல் இதற்கு ஒரு தெளிவான வழி காட்டினார். உரிமை என்பதை ஒரே பொருளாகப் பார்க்காமல் ஐந்தாகப் பிரித்துப் பாருங்கள் என்றார்கள்.

பூர்வீகத் தென்னந்தோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோப்புக்குள் போய்வரலாம் என்பது ஒரு உரிமை. தேங்காய் பறித்து எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. எந்த மரத்தை வைப்பது, எதை வெட்டுவது, எப்போது தண்ணீர் பாய்ச்சுவது என்று முடிவெடுப்பது மூன்றாவது. வெளியாள் உள்ளே வராமல் தடுப்பது நான்காவது. தோப்பையே விற்பது, அடகு வைப்பது ஐந்தாவது. ஒரே குடும்பத்தில்கூட இந்த ஐந்தும் ஒருவரிடமே இருப்பதில்லை. காட்டில் எந்த ஊருக்கு இந்த ஐந்தில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்துவிட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

இந்தியாவில் மக்கள் பங்கேற்புடன் காடு பராமரிப்பது இரண்டு வழிகளில் நடக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்களே அதிகம், செய்தித்தாள்கள் உட்பட.

முதலாவது கூட்டு வன மேலாண்மை. இதன் தொடக்கம் மேற்கு வங்கத்தின் அரபாரி. 1970களின் தொடக்கத்தில், அங்கே சிதைந்துபோன சால் காட்டை மீட்க ஏ.கே. பானர்ஜி என்ற வன அதிகாரி சுற்றியிருந்த 11 ஊர்களின் மக்களைச் சேர்த்துக்கொண்டார். காட்டைக் காப்பாற்றினால் விற்பனை வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு உங்களுக்கு என்றார். காடு திரும்பி வந்தது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை இந்த எண்ணத்தை ஏற்றுக்கொள்ள, 1990 ஜூன் 1 அன்று மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. தமிழ்நாட்டில் 1997ல் ஜப்பான் கடனுதவியுடன் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் ஊர் ஊராக அமைந்த கிராம வனக் குழுக்கள் இந்த வகைதான்.

இந்த ஏற்பாட்டால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பல இடங்களில் மொட்டை மலைகள் பச்சையாகின. விறகும் தீவனமும் கிடைத்தன, தடுப்பணை கட்டும் வேலையில் கூலி கிடைத்தது. ஆனால் அந்த 1990 சுற்றறிக்கையே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பலனில் பங்கு உண்டு, நிலத்தின் மீது உடைமையோ குத்தகையோ கிடையாது. நம் ஐந்து உரிமைகளில் பார்த்தால், உள்ளே போகலாம், துறை அனுமதிக்கும் அளவுக்கு எடுக்கலாம். நிர்வாகம் துறையோடு சேர்ந்து, பெரும்பாலும் துறை சொன்னபடி. இதற்கெல்லாம் அடிப்படை அரசாணை மட்டுமே. அரசாணையை இன்னொரு அரசாணை மாற்றிவிடும். திட்டப் பணம் தீர்ந்ததும் குழு தூங்கிப்போன ஊர்கள் ஏராளம். பலன் உரிமையிலிருந்து வராமல் திட்டத்திலிருந்து வந்தால் திட்டத்தோடு அதுவும் போய்விடும். அந்த ஊர் மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது வழி வன உரிமைச் சட்டம். 2006 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 2007ன் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்தது. காட்டில் வாழும் பழங்குடியினருக்கும் மற்ற பாரம்பரிய வனவாசிகளுக்கும் இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று சட்டத்தின் முகவுரையிலேயே எழுதியிருக்கிறது. அதனால்தான் இந்தச் சட்டம் புதிதாக உரிமை தருவதாகச் சொல்லவில்லை, ஏற்கனவே இருக்கும் உரிமையை அங்கீகரிப்பதாகச் சொல்கிறது.

இதில் தனிநபர் உரிமை உண்டு. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் உழுதோ குடியிருந்தோ வருபவருக்கு, உண்மையில் அனுபவித்துவரும் அளவுக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை பட்டா. பழங்குடியல்லாதவர் என்றால் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மணமானவர் என்றால் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது.

பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் உழுவதற்கு நிலமே இல்லாமல் தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறவர்களுக்குத் தனிநபர் பட்டாவால் என்ன கிடைக்கும்? அவர்களுக்காகத்தான் சட்டத்தின் இன்னொரு பகுதி. மேய்ச்சல், மீன்பிடிப்பு, சிறு வன மகசூலைச் சேகரித்து, பயன்படுத்தி, விற்கும் உடைமை உரிமை ஆகியவை சமூக உரிமைகள். இவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது, அதுதான் சமூக வன வள உரிமை. ஓர் ஊர் தன் வழக்க எல்லைக்குள் காலங்காலமாகப் பயன்படுத்தி, காத்துவந்த காடு முழுவதையும் பாதுகாக்கவும், மீட்டெடுக்கவும், நிர்வகிக்கவும் அந்த ஊரின் கிராம சபைக்கு உள்ள உரிமை. அந்த எல்லை காப்புக்காட்டுக்குள் இருந்தாலும் சரி, சரணாலயத்துக்குள் இருந்தாலும் சரி. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் 2011ல் சோளகர்களின் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது புலிகள் காப்பகத்துக்குள். கேரளத்தின் வாழச்சாலில் 2014ல் காடர்களின் ஒன்பது குடியிருப்புகள் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது இந்த உரிமையைப் பெற்றன. சோளகர்களும் காடர்களும் நம் சத்தியமங்கலத்திலும் ஆனைமலையிலும் வாழும் அதே மக்கள்தான்.

சரி, இதன்படி நிலம் யாருடையது? அரசுப் பதிவேட்டில் அது வன நிலமாகவேதான் தொடரும். ஊர் அதை விற்க முடியாது, வங்கியில் அடகு வைத்துக் கடன் வாங்க முடியாது, தேக்கு மரத்தை வெட்டி வியாபாரம் செய்யவும் முடியாது. ஐந்தில் முதல் நான்கு உரிமைகள் ஊருக்கு உண்டு, ஐந்தாவது கிடையாது. அது இல்லாதது குறை என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது காப்பு என்றே படுகிறது. மலைப்பகுதிகளில் பழங்குடி நிலம் கடனுக்கும் கள்ளப் பத்திரத்துக்கும் கைமாறிப்போன வரலாறு தெரிந்தவர்களுக்கு, விற்க முடியாத உரிமையின் அருமை விளங்கும். மேண்டா-லேகா இதில் இன்னும் ஒரு படி போனது. 2013ல் அந்த ஊர் மக்கள் தங்கள் சொந்த விவசாய நிலங்களையும் கிராமதானச் சட்டத்தின் கீழ் கிராம சபையின் பெயருக்கு எழுதிக் கொடுக்க முடிவு செய்தார்கள்.

இனி உறுப்பினருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு வருவோம். முதலில், யார் உறுப்பினர்? கிராம சபை என்பதால் ஊரில் வயது வந்த ஒவ்வொருவரும். குடும்பத் தலைவர் மட்டும் அல்ல. நிலமில்லாதவர், கணவனை இழந்தவர், மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் பாட்டி எல்லோரும் உறுப்பினர்தான். வன உரிமை தொடர்பான தீர்மானம் எடுக்கும் கூட்டத்தில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று 2012ல் திருத்திய விதிகள் சொல்கின்றன. பலனைப் பங்கிடும் பேச்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் பங்கையே தீர்மானிக்கிறது. அதனால் இந்த விதியை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

அன்றாடப் பலன் வீட்டுக்கு நேரே வருவது: விறகு, தீவனம், கீரை, கிழங்கு, மருந்துச் செடி, கூரைக்குப் புல். பணக் கணக்கில் இது ஏறாது, ஆனால் ஏழைக் குடும்பத்துக்கு இதுதான் பெரிது. முன்பும் எடுத்தார்கள்தான். அன்று பயந்து பயந்து, பிடிபட்டால் அபராதம். இன்று உரிமையோடு.

அடுத்தது விற்பனை வருமானம். பீடி இலையைப் பாருங்கள். மத்திய இந்தியாவில் மழைக்காலத்துக்கு முன் பல குடும்பங்களுக்கு ரொக்கம் தரும் முக்கியப் பொருள் அது. பழைய முறையில் அரசு ஏலம் விடும், வியாபாரி எடுப்பார், இலை பறித்தவருக்குக் கட்டுக் கணக்கில் கூலி, பிறகு எப்போதோ போனஸ். இப்போது கட்சிரோலி, கோந்தியா பக்கம் பல கிராம சபைகள் தாங்களே கூட்டாகச் சேர்ந்து ஏலம் விடுகின்றன. பறித்த கூலியும் ஊருக்கு, முன்பு அரசு வழியே சுற்றிவந்த உரிமைத்தொகையும் ஊருக்கு. நம் பக்கம் இதே இடத்தில் தேன், நெல்லி, கடுக்காய், கல்பாசி, சீமாறு புல், பூந்திக்கொட்டை என்று வைத்துப் பாருங்கள். 2012 விதிகளுக்குப் பிறகு டிரான்சிட் பாஸ் கொடுக்கும் அதிகாரம் கிராம சபை அமைக்கும் குழுவுக்கே. சிறு வன மகசூலுக்குக் கட்டணமோ ராயல்டியோ யாரும் கேட்கக் கூடாது.

வந்த பணத்தை எப்படிப் பங்கிடுவது? சட்டம் இதில் ஊரின் கையைக் கட்டவில்லை. அதனால் ஊருக்கு ஊர் வேறுபடும். உழைத்தவருக்கு உழைத்த அளவு என்றால் வேலை செய்ய முடியாத முதியவர் விடுபடுவார். குடும்பத்துக்குச் சமமாக என்றால் காட்டுக்குள் நாள் முழுக்க முதுகொடிந்தவர் முணுமுணுப்பார். நடைமுறையில் நன்றாகப் போகும் ஊர்கள் மூன்றாகப் பிரிக்கின்றன: வேலை செய்தவருக்குக் கூலி, காட்டுப் பராமரிப்புக்கு ஒரு பங்கு, மிச்சம் ஊர்ப் பொதுநிதி. மேண்டா-லேகாவில் ஊர் நிதிப் பழக்கம் உரிமைப் பத்திரம் வருவதற்கு வெகு முன்பே உண்டு. கூலியில் பத்தில் ஒரு பங்கை நிதிக்குக் கொடுப்பார்கள். அங்கே தீர்மானங்கள் பெரும்பான்மையால் எடுக்கப்படுவதில்லை, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசுகிறார்கள். "டில்லியிலும் மும்பையிலும் நம் அரசு, நம் ஊரில் நாமே அரசு" என்பது அவர்கள் முழக்கம். தேவாஜி தோஃபா போன்ற அந்த ஊர்க்காரர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து பேசிப் பேசி உருவாக்கிய பழக்கம் அது. பத்திரம் வந்த மறுநாள் எந்த ஊரிலும் அது தானாக வந்துவிடாது.

எடுக்காமல் விடுவதும் ஊரின் உரிமைதான். சந்திரப்பூர் மாவட்டத்தின் பாச்காவ், 2012ல் சுமார் 1,000 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை பெற்ற ஊர். அங்கே மூங்கில் விற்பனையில் வருமானம் நிலைத்ததும், பீடி இலை பறிப்பதை நிறுத்திவிடுவது என்று கிராம சபை முடிவெடுத்தது. நல்ல தளிருக்காகக் கிளையை வெட்டுவார்கள், தரைக்குத் தீ வைப்பார்கள், காடு கெடுகிறது என்பது காரணம். இலைப் பணத்தை மனமறிந்து விட்டுக்கொடுத்தார்கள். மக்கள் கையில் கொடுத்தால் காட்டை அழித்துவிடுவார்கள் என்று சொல்பவர்களிடம் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாளையும் இந்தக் காடு நம் கையில்தான் இருக்கும் என்ற உறுதி இருப்பவர்தான் இன்று விட்டுவைப்பார்.

வெளியிலிருந்து வரும் பலன்களும் சில உண்டு. வன உரிமைப் பட்டா தவிர வேறு நிலம் இல்லாத பழங்குடிக் குடும்பங்களுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூடுதலாக 50 நாள் வேலை என்று 2014ல் ஆணை வந்தது. பள்ளி, அங்கன்வாடி, சாலை, குடிநீர்க் குழாய் போன்ற 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராம சபை பரிந்துரைத்தால் எளிதாக ஒதுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சாலை இல்லாமல் கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கிவரும் மலைக்கிராமங்களின் செய்தியை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். அந்த ஊர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பிரிவு தெரியும்?

எல்லாவற்றிலும் பெரிய பலன், வேண்டாம் என்று சொல்லும் வலிமை. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டும் திட்டத்தில், 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்றது. டோங்கிரியா கோந்து மக்கள் வாழும் பகுதியில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. மலை தப்பியது. ஆனால் இந்த வலிமை இப்போது தேய்ந்து வருகிறது. காட்டை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு மத்திய அரசு ஒப்புதல் தரும் முன்பே கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்றிருந்தது. 2022ல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள், உரிமைகளைத் தீர்த்துவைக்கும் பொறுப்பை ஒப்புதலுக்குப் பிறகு மாநில அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட்டன. எல்லாம் முடிந்த பிறகு கேட்கும் சம்மதத்தை நான் சம்மதமாக எண்ணவில்லை.

தமிழ்நாட்டில் என்ன நிலை? சட்டம் வந்த சில மாதங்களிலேயே பட்டா வழங்குவதில் நீதிமன்றத் தடை குறுக்கே வந்தது. 2016ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகே வேலை நகர்ந்தது. இன்னொரு சிக்கல் கிராம சபையின் அளவு. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி ஏற்பாடு செய்யும் அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. அதனால் ஒவ்வொரு குடியிருப்பையும் தனிக் கிராம சபையாகக் கொள்ளும் பெசா சட்டம் இங்கே பொருந்தாது. ஊராட்சி மொத்தத்துக்கும் ஒரே சபை என்று கூட்டினால், கீழே சமவெளியில் இருக்கும் இரண்டாயிரம் பேருக்கு நடுவே மலைமேல் இருக்கும் நாற்பது குடும்பங்களின் குரல் எங்கே கேட்கும்? இதற்காகத்தான் 2012 விதிகள் குடியிருப்புகளின் பட்டியலைத் தயாரித்து, அந்தந்தக் குடியிருப்பின் தீர்மானத்தோடு ஒப்புதல் பெறச் சொல்கின்றன. விண்ணப்பிக்க நினைக்கும் ஊர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம் நடைமுறை. கிராம சபை கூடி 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். அந்தக் குழு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு எல்லை நடந்து வரைபடம் போடும். அக்கம்பக்கத்து ஊர்களோடு எல்லைத் தகராறு இருந்தால் இங்கேயே பேசித் தீர்ப்பது நல்லது, பின்னால் இழுக்கும். சான்றாகக் குறைந்தது இரண்டு வேண்டும். அரசு ஆவணம்தான் வேண்டும் என்று இல்லை. பழைய சுடுகாடு, கிணறு, கோயில் மரம், குலசாமி இருக்கும் பாறை, விண்ணப்பதாரர் அல்லாத முதியவர் ஒருவர் சொல்லி எழுதிய வாக்குமூலம் எல்லாம் செல்லும். செயற்கைக்கோள் படம் மட்டுமே சான்று என்று யாராவது சொன்னால் அது விதியில் இல்லை.

கிராம சபை தீர்மானம் போட்டதும் கோப்பு கோட்டாட்சியர் அளவிலான உட்கோட்டக் குழுவுக்கும், பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். மாவட்டக் குழு முடிவே இறுதி. கேட்ட பரப்பை விடக் குறைத்துக் கொடுத்தாலும், நிராகரித்தாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபை எடுத்த முடிவில் குறை இருப்பவர் 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவிடம் மனு கொடுக்கலாம், உட்கோட்டக் குழுவின் முடிவுக்கு எதிராக மாவட்டக் குழுவிடம் போகலாம். இந்த 60 நாளைத் தவறவிடுபவர்கள் அதிகம், ஏனென்றால் நிராகரித்த செய்தியே அவர்களுக்கு வந்து சேர்வதில்லை. 2019 பிப்ரவரி 13ல், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பதாரர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தங்கள் மனு நிராகரிக்கப்பட்டதையே அறியாத குடும்பங்கள் நாடெங்கும் இருந்தன. நாடு கொந்தளித்தது, பிப்ரவரி 28ல் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே விண்ணப்பம் கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வரைபடத்திலும் தீர்மானத்திலும் ஒரு பிரதியை ஊரிலேயே, ஒரு வீட்டில் இல்லாமல் இரண்டு மூன்று வீடுகளில் வைத்துக்கொள்ளுங்கள்.